விளாதிமிரும் உக்கிரபாண்டியனும்: கரிசல் மண்ணிலிருந்து ஒரு பெயராய்வு

பாலவனத்தம் ஜமீன்தாராக விளங்கி, 1901-இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவரின் இயற்பெயர் உக்கிரபாண்டியன். அருப்புக்கோட்டைக்கு அப்பால் திருச்சுழியில் 1879-இல் பிறந்த வேங்கடராமனை உலகம் ரமண மகரிஷி என்று அறியும். விருதுநகரில் 1903-இல் பிறந்த பிள்ளைக்குக் குலதெய்வத்தை நினைத்துக் காமாட்சி என்று பேரிட்டார்கள். வீட்டில் ராஜா என்று செல்லமாக அழைத்ததும் அதனோடு சேர்ந்து, காமராஜ் ஆனது. ஒரு நாள் பயணத்தில் சுற்றிவரக்கூடிய வறண்ட நிலப்பரப்பில், மூன்று பெரியவர்கள் தொட்டிலில் இட்ட பெயரைவிட்டு வேறு பெயரில் நிலைத்திருக்கிறார்கள்.

இதே கரிசல் ஊர்களில் கருப்பசாமி, இருளப்பன், திருமேனி என்ற பெயர்களுக்கு நடுவே லெனினும் ஸ்டாலினும் டீக்கடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். கருப்பசாமி எங்கிருந்து வந்தார் என்று ஊரில் எவரும் சொல்வார்கள். லெனின் என்ற சொல் எந்த மண்ணில் முளைத்தது என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. அந்த வேரைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆள்வதும் புகழும்

லெனினுக்குப் பெற்றோர் இட்ட பெயர் விளாதிமிர். ரஷ்ய ஆண்பெயர்களில் அசலான ஸ்லாவியப் பெயர் இது. பழைய ஸ்லாவியப் பெயர்கள் பெரும்பாலும் இரண்டு சொற்கள் சேர்ந்த தொடர்கள். விளாதி என்ற முன்பகுதிக்கு ஆளுதல் என்று பொருள். பின்பகுதியின் மூல வடிவம் மேர். அதற்குப் பெருமை, புகழ் என்று பொருள் காண்கிறார்கள் மொழியியலாளர்கள். ஜெர்மானிய மொழிகளின் வால்டெமார் இதன் உறவுப்பெயர். ஆகவே விளாதிமிர் என்றால் ஆட்சியால் பெருமை பெற்றவன்.

மக்கள் அந்த மேரை நாளடைவில் மிர் என்று கேட்கத் தொடங்கினார்கள். ரஷ்ய மொழியில் மிர் என்பது உலகத்தையும் குறிக்கும், அமைதியையும் குறிக்கும். 1918-க்கு முன் இந்த இரண்டையும் வெவ்வேறு எழுத்திட்டு எழுதினார்கள். விளாதிமிர் என்ற பெயரை உலகம் என்ற சொல்லுக்குரிய எழுத்தாலேயே எழுதிவந்தார்கள். அந்த ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் வேறுபாடு மறைந்தது. இன்று உலகை ஆள்பவன் என்றும் அமைதியை ஆள்பவன் என்றும் இரு பொருளும் வழங்குகின்றன. வேர் சொன்னது வேறு, காது கேட்டது வேறு. காலங்காலமாக மக்கள் நம்பிய பொருளும் அந்தப் பெயரின் வரலாற்றில் ஒரு பகுதி என்பதால், அதைப் பிழை என்று தள்ளுவதற்கில்லை.

988-இல் கிறித்தவத்தைத் தழுவிய கீவ் அரசர் விளாதிமிர் பின்னாளில் புனிதராகப் போற்றப்பட்டார். அதனால் ஞானஸ்நானப் பெயர்களின் வரிசையில் இந்த ஸ்லாவியப் பெயருக்கும் இடம் கிடைத்தது. அவருடைய மகன் யரஸ்லாவ். யர் என்றால் உக்கிரம், ஸ்லாவ் என்றால் புகழ். கீவ் அரசர் மகனுக்கு வைத்த பெயரிலும் பாலவனத்தம் ஜமீன்தாரின் இயற்பெயரிலும் முதலில் நிற்பது ஒரே பொருள். அரச குலங்கள் பிள்ளையிடம் எதிர்பார்த்தது எங்கும் ஒன்றாகவே இருந்திருக்கிறது.

புனைபெயர் தொட்டிலுக்கு வந்த கதை

தமிழர்கள் விளாதிமிரை அதிகம் எடுத்துக்கொள்ளவில்லை. லெனினைத்தான் எடுத்துக்கொண்டார்கள். விளாதிமிர் உல்யானவ் என்பவர் லெனின் என்று முதன்முதலில் கையெழுத்திட்டது 1901-இல்; மதுரையில் தமிழ்ச் சங்கம் தோன்றிய அதே ஆண்டு. சைபீரியாவில் ஓடும் லேனா ஆற்றிலிருந்து அந்தப் புனைபெயர் பிறந்தது என்பது பரவலான விளக்கம். ஸ்டாலின் என்பதும் புனைபெயரே. ஸ்டால் என்றால் எஃகு. அச்சொல்லை ரஷ்ய மொழி ஜெர்மன் மொழியிலிருந்து பெற்றது. கடைசியில் வரும் இன் என்ற விகுதி, இன்னாருடைய என்ற உடைமைப் பொருளில் ரஷ்யக் குடும்பப் பெயர்களை ஆக்குவது. தமிழின் இன் உருபும் உடைமைப் பொருளில் வரும். இரண்டுக்கும் உறவு கிடையாது. ஒலி ஒற்றுமை மட்டுமே.

ரஷ்யாவில் குடும்பப் பெயர்போல நின்ற சொல் தமிழ்நாட்டில் பிள்ளைப்பெயர் ஆனதற்குக் காரணம் நம் பெயர்முறை. நமக்குத் தன் பெயரும் தகப்பன் பெயரின் முதலெழுத்துமே போதும். லெனின் என்று பேர் பெற்றவருக்கு மகன் பிறந்தால், அந்தப் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி மகன் பெயருக்கு முன்னால் ஏறிக்கொள்ளும். லகரம் சொல்லின் முதலில் வராது என்ற மரபை மதித்து இலெனின் என்று எழுதியவர்களும் உண்டு.

இப்படிப் பேரிடுவதற்கு நம்மிடம் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. 1932-இல் சோவியத் நாட்டைப் பார்த்துத் திரும்பிய பெரியார், பிள்ளைகளுக்கு ரஷ்யா, மாஸ்கோ என்று பெயர் சூட்டினார். 1953 மார்ச் 1-இல் பிறந்த மகனுக்கு அய்யாதுரை என்று பேரிட எண்ணியிருந்தார் கருணாநிதி; அய்யா பெரியார், துரை அண்ணாதுரை. மார்ச் 5-இல் சோவியத் தலைவர் ஸ்டாலின் இறந்தார். இரங்கல் கூட்டத்தில் மகனுக்கு அந்தப் பெயரை அறிவித்தார். இயக்குநர் பீம்சிங்கின் மகனான படத்தொகுப்பாளர் லெனினும் இந்த வரிசையில் நினைவுக்கு வருபவர். கட்சி மேடையும், மலிவு விலையில் கிடைத்த சோவியத் புத்தகங்களும் இந்தப் பெயர்களை ஊர்களுக்குக் கொண்டுவந்தன. அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள மல்லாங்கிணறில் பிறந்த எஸ். ராமகிருஷ்ணன் டால்ஸ்டாயை நாயகனாக்கி நாவல் எழுதியதும் இந்த நெடிய உறவின் தொடர்ச்சி.

பாவெலும் சின்னப்பனும்

கார்க்கியின் ‘தாய்’ நாவலைப் படித்தவர்கள் பிள்ளைக்குப் பாவெல் என்று பேரிட்டிருக்கிறார்கள். பாவெல் ரஷ்யப் பெயராக ஒலித்தாலும் ஸ்லாவிய வேர் கொண்டதன்று. பவுலுஸ் என்ற இலத்தீன் பெயரின் ரஷ்ய வடிவம் அது. சிறியவன் என்று பொருள். தமிழகக் கத்தோலிக்கர்கள் அதே பவுலடியாரைச் சின்னப்பர் என்று மொழிபெயர்த்து வழங்கினார்கள். அப்படியானால் தோழர் வீட்டுப் பாவெலும் தேவாலயத் தெருவின் சின்னப்பனும் ஒரே பெயர்க்காரர்கள். இவானும் அருளப்பனும் அப்படித்தான், இரண்டும் யோவான். ஸ்லாவியரின் பொக்தான் என்பது நம் தேவதத்தன், கடவுள் தந்தவன்.

ஓநாயும் குப்பையும்

என்னை மிகவும் நெகிழவைத்த ஒற்றுமை வேறொன்று. செர்பிய மொழிக்குப் புதிய எழுத்துமுறை வகுத்தவர் வூக் கராஜிச். 1787-இல் பிறந்தவர். வூக் என்றால் ஓநாய். அவருக்கு முன் பிறந்த குழந்தைகள் தங்கவில்லை. பிள்ளை தின்னும் சூனியக்காரிகள் ஓநாயை நெருங்கமாட்டார்கள் என்று நம்பி அந்தப் பெயரை வைத்தார்கள். தன் பெயர்க்காரணத்தை 1818-இல் வெளியிட்ட செர்பிய அகராதியில் அவரே பதிவுசெய்தார்.

நம் பக்கத்திலும் குழந்தை தங்காத வீட்டில் பிறந்த பிள்ளையைக் குப்பைமேட்டில் புரட்டி எடுத்துக் குப்பை என்று பேரிட்டார்கள். மூக்குக் குத்தி மூக்கன் என்றார்கள். பிறரிடம் பிச்சையாக வாங்கியதாகப் பாவித்துப் பிச்சை என்றார்கள். செர்பியத் தாய் எமனை மிரட்டப் பார்த்தாள்; கரிசல் தாய் இது உனக்கு வேண்டாத பொருள் என்று சொல்லி அவனை ஏமாற்றப் பார்த்தாள். இருவர் வயிற்றிலும் இருந்தது ஒரே பயம்.

பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயர்களைச் சொல்லிச் சிரித்தோம். பெயர் மாற்றி அரசிதழில் விளம்பரம் கொடுத்தவர்களும் உண்டு. மாற்றுவது அவரவர் உரிமை. அதோடு பெயருக்குப் பின்னால் இருந்த தாயின் கதையும் போய்விடுவதுதான் இழப்பு. சொல்லின் வேரை அகராதி காட்டிவிடும். வைத்தவர் மனத்தில் இருந்த காரணம் எந்த அகராதியிலும் கிடைக்காது. வாக்காளர் பட்டியலும் பள்ளிப் பதிவேடும் பெயரைக் காப்பாற்றும், காரணத்தைக் காப்பாற்றாது.

ஆகவே வாசகரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டின் மூத்த பெண்மணியிடம் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஏன் இந்தப் பேர் வைத்தீர்கள் என்று கேளுங்கள். பெயர், பிறந்த ஆண்டு, வைத்தவர், காரணம் என்று நான்கு பத்தி போட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். தன் பெயர் ஏன் ஓநாய் ஆயிற்று என்று வூக் எழுதிவைத்ததால்தான், இருநூறு ஆண்டு கழித்துக் கரிசல் காட்டில் இருக்கும் நமக்கு அந்தத் தாயின் பயம் தெரிகிறது.