எள்ளும் திருகும்

நல்லெண்ணெய் என்றதும் விருதுநகரை நினைப்பது தமிழ்நாட்டுச் சமையலறைகளில் நெடுநாள் வழக்கம். ஆயினும் அந்தக் கீர்த்திக்குப் பின்னே சுழல்கிற எக்ஸ்பெல்லர் என்னும் யந்திரத்தை நின்று ரசித்தவர்கள் சிலரே.

செக்கின் தர்மம் வேறு. ஓர் ஈடு எள்ளை உரலில் இட்டு, கருப்பட்டியும் சேர்த்து ஆட்டி, எண்ணெயை எடுத்து, பிண்ணாக்கைத் தோண்டிய பிற்பாடே அடுத்த ஈட்டைப் பற்றி யோசிக்கலாம். இந்தத் தேக்கத்தை ஒழித்தது, அமெரிக்காவின் வலேரியஸ் ஆண்டர்சன் 1900-ல் காப்புரிமை பெற்ற யந்திரம்.

மேல்தொட்டியிலிருந்து எள் ஓயாமல் இறங்க, உள்ளே வரவர இடம் குறுகும்படி அமைந்த எஃகுத் திருகு அதை நெருக்கி முன்னே தள்ள, சுற்றிலும் அடுக்கிய எஃகுச் சட்டங்களின் மயிரிழைச் சந்துகளில் எண்ணெய் கசிந்து கீழே வழிய, மறுமுனையின் சிறு இடுக்கு வழியே பிண்ணாக்கு சுடச்சுட வில்லைகளாக உதிர்கிற அந்தக் காட்சியில், வித்தின் இரு பாகங்களும் ஏககாலத்தில் தத்தம் வழியே பிரிந்து செல்கின்றன. எள்ளின் எடையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய். எஞ்சியது புரதம் மிகுந்த மாட்டுத்தீவனம்.

சூக்ஷ்மமெல்லாம் அந்தக் கடைசி இடுக்கில்தான். அளவுக்கு மீறி இறுக்கினால் உஷ்ணம் ஏறி எண்ணெயின் நிறமும் மணமும் கெடும். தளர்த்தினாலோ பிண்ணாக்கிலேயே எண்ணெய் தங்கிவிடும். கைதேர்ந்த ஆள் உதிரும் வில்லையின் கனத்தைப் பார்த்தே இதை நிதானிக்கிறார். மானியெல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம்.

வாசனைக்குச் செக்கெண்ணெயே உத்தமம் என்போரோடு எனக்கு விவாதமில்லை. செக்குப் பிண்ணாக்கில் எண்ணெய் கூடுதலாகத் தங்கிவிடுகிறது என்பதை மாடுகளும் குறையாகச் சொல்வதில்லை.