ராபியின் மகன் விட்டுச்சென்ற உடைமைகள்

ருஷிய எழுத்தாளர் ஐசக் பாபேலின் ‘செங்குதிரைப்படை’ கதைத்தொகுப்பில் தோய்ந்தவர்கள் பலரும், குதிரைவீரர்களான கொசாக்குகளின் பந்தியில் இடம்பெற வேண்டி மூக்குக்கண்ணாடி யூதன் ஒரு வாத்தின் தலையைப் பூட்ஸ் காலால் நசுக்கும் கதையையே சிகரம் என்பர். அதன் வன்மையை நான் மறுப்பவனல்லன்; ஆயினும் என் நெஞ்சம் நிலைத்து நிற்பது ‘ராபியின் மகன்’ என்னும் மிகச் சிறிய கதையிலேதான்.

போலந்து யுத்தத்தில் செஞ்சேனை தோற்றுப் பின்வாங்குகிறது. விஷஜுரம் பிடித்த குடியானவர்கள் ரயிலை மொய்க்க, கதை சொல்பவன் உருளைக்கிழங்குகளை வீசுகிறான்; அவை தீர்ந்ததும் செஞ்சேனைத் தலைவர் த்ரோத்ஸ்கியின் பிரசுரங்களை வீசுகிறான்; அத்தனை பெருங்கூட்டத்தில் ஒரேயொரு கை மட்டும் காகிதத்துக்காக நீள்கிறது. அது ஜிட்டோமிர் நகரத்து ராபியின் (யூத மதகுருவின்) மகன் இலியாவின் கை. சாகக் கிடக்கும் அவனுடைய சிதறிய உடைமைகளைப் பெட்டியில் எடுத்துவைக்கையில், லெனினும் யூத ஞானி மைமோனிடிஸும் பக்கம் பக்கமாகப் படங்களில் இருக்கிறார்கள். விவிலியத்து உன்னதப்பாட்டின் ஏடுகளுக்கருகே துப்பாக்கித் தோட்டாக்கள் கிடக்கின்றன. இவற்றுள் எது மெய், எது வேஷம் என்று பாபேல் தீர்ப்புச் சொல்வதில்லை.

சொல்லும் நிலையில் அவரும் இல்லை. தாமே யூதராயிருந்தும், 1920இல் லியூத்தோவ் என்ற ருஷியப் பெயரில் தளபதி புத்யோன்னியின் குதிரைப்படையோடு சென்றவர் அவர். தெமிதோவ்காவில் ஒரு யூதர் வீட்டில், எருசலேம் ஆலயத்தின் அழிவுக்காக அனுஷ்டிக்கும் துக்க நோன்பு நெருங்கிய சபத் தினத்தன்று, உடன்வந்த கொசாக்கு அக்குடும்பத்தாரை அதட்டி உருளைக்கிழங்கு சமைக்கச் செய்தபோது, தாம் ருஷியன் என்னும் பாவனை கலையாதிருக்க வாய்மூடி அமர்ந்திருந்ததை அவருடைய நாட்குறிப்பு சொல்கிறது. அதைப் படித்தபின் அந்த ரயிலிலிருந்து விழும் ஒவ்வொரு கிழங்கும் என் கண்ணை உறுத்துகிறது.

முதல் உலக யுத்தத்தின்போது கலிசியாவில் அலைந்து யூத எழுத்தாளர் ஆன்ஸ்கி இத்திஷ் மொழியில் எழுதிய பெருநூலே நேர்மையான சாட்சியம் என்றும், பாபேல் துன்பத்தை அழகுக்காகச் செதுக்கிவிட்டார் என்றும் வாதிடும் ரசிகர்கள் உண்டு. ஆன்ஸ்கியை நானும் வணங்குகிறேன். ஆனால் யூதருக்கு நிவாரணம் செய்யவென்றே சென்றவருக்குத் தம் இனத்தை ஒளிக்கும் சங்கடம் நேரவில்லை. அந்தச் சங்கடத்தை இத்தனை சிக்கனமாக எழுதியவர் பாபேல் ஒருவரே. இன்றைய யுத்த நாவல்களிலோ பாத்திரங்கள் தாம் யார் என்பதைப் பக்கம் பக்கமாகப் பிரசங்கிக்கின்றன. ஒரு பெட்டியைத் திறந்துகாட்டும் பொறுமை அருகிவிட்டது.

ஒரு மனக்குறையும் உண்டு. 1926ஆம் வருஷத்துப் புத்தகம் இலியாவின் மரணத்தோடு முடிந்தது. பிற்பதிப்புகளிலோ, கதாநாயகன் குதிரையேற்றம் கைவந்து கொசாக்குகளின் கண்ணுக்கு உறுத்தாதவனாகிவிடும் ‘அர்கமாக்’ என்னும் கதை கடைசியில் சேர்க்கப்பட்டது. அது நல்ல கதைதான். ஆனால் முதன்முறை வாசிப்பவர் இலியாவோடு நிறுத்திவிட்டு, அதை வேறொரு நாளில் தனியே வாசிப்பதே உத்தமம்.