‘கூடல்’ கண்ட மாணவி

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போல நீலகேசியைப் பற்றியோ மேல்சித்தாமூர் மடத்தைப் பற்றியோ ஏதாவது எழுதித் தருவேன் என்றுதான் நினைத்திருப்பார்கள். இந்த முறை சினிமாவைப் பற்றி எழுதுகிறேன். அதுவும் கதை இல்லாத, பாட்டு இல்லாத, சில சமயம் மனிதரே இல்லாத சினிமா. சோதனைப் படம் என்கிறார்கள். நான் பட்டம் வாங்கியவன் அல்லன். நீலசந்திராவில் கடைக் கல்லாவில் உட்கார்ந்து, ஆள் வராத நேரத்தில் நன்னூலும் சிந்தாமணியும் படித்தவன். சினிமா அறிந்தோர் குறை கண்டால் பொறுத்தருள வேண்டும்.

என் பேத்தி இங்கே ஒரு கல்லூரியில் காட்சித் தொடர்பியல் படிக்கிறாள். வகுப்பில் வாரம் ஒரு சோதனைப் படம் போட்டுக் காட்டி, பார்த்த கையோடு மனசில் தோன்றியதை ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்கிறார்கள். அதற்கு மதிப்பெண் உண்டு. அந்த நோட்டை ஒரு நாள் சாப்பாட்டு மேசை மேல் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். எடுத்துப் படித்தேன். கேட்காமல் படித்தது தப்புதான். ஆனால் படித்திராவிட்டால் இந்தக் கட்டுரை இல்லை.

முதல் பக்கத்தில் அமெரிக்கரான ஸ்டான் பிராக்கேஜ் 1963-ல் செய்த ‘மாத்லைட்’. ஏறத்தாழ 4 நிமிஷப் படம், ஒலியே கிடையாது. கேமராவே இல்லாமல் எடுத்தது. விளக்கடியில் செத்துக் கிடந்த விட்டில் பூச்சிகளின் இறக்கை, புல் இதழ், பூவிதழ் இவற்றை ஒட்டும் நாடாக்களுக்கு இடையே வைத்து ஒட்டி, அதையே பிலிமாக ஓட்டிக் காட்டியிருக்கிறார். இவள் எழுதியது இரண்டே வரி: கண் கூசியது, பூச்சிகளைக் கொன்று ஒட்டினாரா, தானாகச் செத்ததை ஒட்டினாரா? இரண்டாவது வரிக்குக் கீழே ஆசிரியர் சிவப்பு மையில் கோடு போட்டு, பொருத்தமற்ற கேள்வி என்று எழுதியிருந்தார்.

எனக்கு அந்த இடத்தில்தான் கோபம் வந்தது. விளக்கில் விட்டில் விழும், சோற்றில் பூச்சி விழும் என்று பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற வீட்டில் வளர்ந்த பெண் அவள். விட்டில் இறக்கைகள் திரையில் படபடவென்று பறந்தால் அவளுக்கு வேறு எந்தக் கேள்வி முதலில் வரும்? பிராக்கேஜும் விளக்கை நாடி வந்து மாண்ட பூச்சிகளைக் கண்டு மனம் கசிந்துதான் அந்தப் படத்தைச் செய்தார். ஆக, படம் பிறந்த இடத்துக்கே அவள் கேள்வி போயிருக்கிறது. அதைப் பொருத்தமற்றது என்றால் பொருத்தமானது எது?

அடுத்து, கனடாவின் மைக்கேல் ஸ்னோ எடுத்த ‘வேவ்லெங்த்’, 1967. ஒரு பெரிய அறை. கேமரா அந்த அறையின் இந்தக் கோடியிலிருந்து எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கும் ஒரு கடலலைப் புகைப்படத்தை நோக்கி 45 நிமிஷம் மெல்ல மெல்ல நெருங்குகிறது. அவ்வளவுதான். பேத்தி எழுதியிருந்தாள்: 20-ஆவது நிமிஷத்தில் போனை எடுத்துப் பார்த்துவிட்டேன், மன்னிக்கவும். இந்த நேர்மை எனக்குப் பிடித்தது. நானும் பிற்பாடு உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு அவ்வளவு அலுக்கவில்லை. சாமாயிகம் என்று எங்களில் ஒரு நோன்பு உண்டு. ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிஷம், அசையாமல் சமநிலையில் இருக்க வேண்டும். 45 நிமிஷப் படம் அதைவிட மூணு நிமிஷம் கம்மி.

பிறகு நம் நாட்டுப் படம் ஒன்று. பிரமோத் பதி 1968-ல் எடுத்த ‘எக்ஸ்ப்ளோரர்’. ஆடும் இளைஞர்கள், சாமி உருவங்கள், ஆய்வுக்கூடம் எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் மாறி மாறி வந்து மோதுகின்றன. தலை வலித்தது என்று எழுதியிருந்தாள். பதி ஒடிசாக்காரர், செக்கோஸ்லோவாகியாவில் பொம்மைப்பட மேதை த்ரிங்காவிடம் பயின்றவர், 1975-ல் இளவயதிலேயே மறைந்தார். இதில் வேடிக்கை என்னவென்றால், இப்படத்தைத் தயாரித்தது ஃபிலிம்ஸ் டிவிஷன். வயதான அன்பர்களுக்கு நினைவிருக்கும், பெரிய படத்துக்கு முன்னால் கட்டாயமாகப் போடுவார்களே, அணைக்கட்டும் வெள்ளநிவாரணமும், அதே அரசாங்கப் பிரிவுதான். வந்தவாசிப் பக்கம் டூரிங் டாக்கீஸில் அது ஓடும்போது வெளியே போய் முறுக்கு வாங்கி வருவோம். 1965 முதல் 1967 வரை ஜெஹாங்கீர் பவ்நகரி என்பவர் அங்கே தலைமை ஆலோசகராக இருந்து, ஓவியர்களையும் இளைஞர்களையும் அழைத்துத் துணிந்து செய்யுங்கள் என்று கதவைத் திறந்துவிட்டார். ஓவியர் உசேன் 1967-ல் எடுத்த குறும்படம் பெர்லினில் தங்கக் கரடி விருது வாங்கியது அப்படித்தான். நாம் முறுக்கு வாங்கப் போன நேரத்தில் என்னென்ன ஓடியதோ!

இவ்விடத்தில் நன்னூலைச் சொல்லாமல் இருக்க முடியாது. பவணந்தி முனிவர் எங்கள் சமயத்தவர் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அவரை நன்னூல் செய்யச் சொன்ன சீயகங்கன், நமக்குப் பக்கத்துக் கோலாரோடு தொடர்புடைய கங்க மரபினன். கன்னட மண்ணில் தமிழ் இலக்கணத்தைப் போற்றியவன் ஒருவன் இருந்தான் என்பது இங்கே குடியிருக்கும் நாம் நினைத்து மகிழத்தக்கது. அந்நூலின் பாயிரத்தில் மாணாக்கரைத் தலை, இடை, கடை என வகுத்து உவமை சொல்கிறார். அன்னமும் பசுவும் தலை. மண்ணும் கிளியும் இடை. ஓட்டைக் குடம், ஆடு, எருமை, பன்னாடை இவை கடை. பசு கிடைத்த புல்லை வயிறார மேய்ந்து, பிறகு ஓரிடத்தில் படுத்து அசை போடும். ஆடு இந்தச் செடியில் ஒரு வாய், அந்தச் செடியில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். அதோடு விடவில்லை. ஒரு நூலை இருமுறை கேட்டால் பிழை பெரிதும் நீங்கும், மும்முறை கேட்டவனுக்கே அதை முறையாக எடுத்துச் சொல்லும் தகுதி வரும் என்கிற கருத்தையும் வைக்கிறார்.

வாரம் ஒரு படம், ஒரே தடவை, உடனே ஒரு பக்கம் என்ற ஏற்பாடு பசுவாக இருக்கக்கூடிய பிள்ளையையும் ஆடாக்கிவிடும் என்பது என் துணிபு. கதைப் படத்துக்கு ஒரு தடவை போதும், கதை கையைப் பிடித்துக் கூட்டிப்போகும். கதை இல்லாத படத்துக்கு முதல் தடவை என்பது, ஊர் பேர் தெரியாத ரயில் நிலையத்தில் நடுராத்திரி இறங்குவது மாதிரி. பயமும் எரிச்சலும்தான் வரும். அதை எழுது என்றால் பிள்ளை அதைத்தான் எழுதும். அது பொய்யல்ல, ஆனால் விமரிசனமும் அல்ல.

நோட்டின் நாலாவது பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. ‘கூடல்’: கண்ணை மூடிக்கொண்டேன். பத்துக்கு இரண்டு மார்க்.

தமிழ்ப் பெயராக இருக்கிறதே என்று விசாரித்தேன். எடுத்தவர் தமிழர் அல்லர். தையப் மேத்தா, குஜராத்தில் 1925-ல் பிறந்து, பம்பாயில் வளர்ந்து, 2009-ல் மறைந்த ஓவியர். அவருடைய மகிஷாசுர ஓவியம் ஒன்று 2005-ல் 15 லட்சம் டாலருக்கு மேல் விலை போயிற்று. ஓவியராவதற்கு முன் சினிமா எடிட்டிங் வேலை பார்த்தவர். 1947 கலவரத்தின்போது ஒரு மனிதனை ஒரு கும்பல் தெருவில் அடித்துக் கொன்றதைத் தம் வீட்டிலிருந்து பார்த்தவர். அந்தக் காட்சி அவரை ஆயுள் முழுக்க விடவில்லை. கால்கள் கட்டப்பட்டு விழுந்து கிடக்கும் காளையைத் திரும்பத் திரும்ப வரைந்தார். ஃபிலிம்ஸ் டிவிஷனுக்காக 1970-ல் அவர் எடுத்த ஒரே படம்தான் ‘கூடல்’. 16 நிமிஷம், கறுப்பு வெள்ளை. பம்பாயின் ஜனத்திரளும், பாந்த்ரா இறைச்சிக்கூடத்தில் காளை வெட்டப்படும் காட்சியும் அதில் உண்டு.

இதைக் கேட்டதும் நான் செய்த காரியத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கல்லூரிக்குப் போன் போட்டு, எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு இப்படிப்பட்ட படம் காட்டக் கூடாது என்று சத்தம் போட்டேன். மறுநாள் அவளை வகுப்பில் எல்லார் முன்னாலும் எழுப்பி, உனக்கு விலக்கு வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து, “தாத்தா, நான் கண்ணை மூடினேன்னுதானே எழுதினேன்? காட்டாதீங்கன்னு எழுதினேனா?” என்றாள். பிறகு நாலு நாள் என்னோடு பேச்சில்லை. என் மனைவியும் அவள் பக்கம்தான்.

ஐந்தாம் நாள் நானே போய், “கண்ணு, அந்தப் படத்தை எனக்குப் போட்டுக் காட்டு” என்றேன். “நீங்க தாங்க மாட்டீங்க தாத்தா” என்றாள். அவளுடைய கம்ப்யூட்டரில் இருவரும் பார்த்தோம். காளைக் காட்சி சுமார் 3 நிமிஷம் இருக்கும். முதல் தடவை நான்தான் கண்ணை மூடினேன். அவள் மூடவில்லை.

இறைச்சி உண்ணும் அன்பர்கள் மனம் நோக இதை எழுதவில்லை. நம் தெருவில் எல்லாரும் கலந்துதான் இருக்கிறோம். கடைக்கு எதிரே ஆட்டுக்கறிக் கடை, நாற்பது வருஷச் சிநேகம். என் மனசில் எழுந்தது வேறு. சமணர் வீட்டுப் பிள்ளைகள் சின்ன வயதில் ஒரு கதை கேட்டு வளர்ந்தவர்கள்: மதுரையில் எண்ணாயிரம் பேர் கழுவேறிய கதை. பெரியபுராணம் சொல்வது. வரலாற்றில் அப்படி நடந்ததா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து ஒன்றில்லை. ஆனாலும் அந்தப் படத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள் என்றுதான் என் பாட்டி சொல்லிக்கொடுத்தாள். மதுரைக்குக் கூடல் என்று பெயர். ‘கூடல்’ என்ற படத்தில் நான் முகத்தைத் திருப்பியபோது பாட்டியின் குரல்தான் கேட்டது. அந்த ஓவியருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கூடுமிடம் என்ற பொருளில்தான் அந்தச் சொல்லை எடுத்திருக்கிறார். மனிதனும் விலங்கும், கூட்டமும் தனியாளும், கொல்பவனும் சாவதும் கூடுமிடம்.

இரண்டாம் தடவை பார்க்கும்போது பேத்திக்கு ஒன்று சொன்னேன். தமிழில் கூடல் இழைத்தல் என்று ஒரு வழக்கம் உண்டு. தலைவன் வருவானா மாட்டானா என்று அறியத் தலைவி கண்ணை மூடிக்கொண்டு மணலில் வட்டம் போடுவாள். இரண்டு முனையும் கூடினால் வருவான். ஆண்டாளும் ஒரு பதிகம் முழுக்கக் கூடலை அழைத்துப் பாடியிருக்கிறாள். “கண்ணை மூடிக்கிட்டுப் போடறதா?” என்றாள். ஆமாம் என்றேன். சிரித்துவிட்டு, “அப்போ எனக்கு ரெண்டு மார்க் கம்மி” என்றாள்.

இப்போது வியாபாரத்துக்கு வருகிறேன். நீலசந்திராவில் 1983-ல் கடை போட்டதிலிருந்து இருபது வருஷத்துக்கு மேல் நோட்டுப் புத்தகத்தோடு ஸ்டூடியோ சாமான்களும் விற்றேன். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ பேப்பரும் ரோலும் என் கடையில் எப்போதும் இருக்கும். ஆனேபாளையம், ஆஸ்டின் டவுன் ஸ்டூடியோக்காரர்கள் எல்லாம் வருவார்கள். பிலிம் மேல் பூசியிருப்பது என்ன என்று பேத்தி ‘மாத்லைட்’டுக்காகப் படித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்: வெள்ளி உப்பைத் தாங்கி நிற்பது ஜெலட்டின், மாட்டின் எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுக்கிற பசை. 1920-களில் கோடாக் கம்பெனியில் ஷெப்பர்ட் என்ற ஆராய்ச்சியாளர் இதிலும் ஒரு ஆச்சரியம் கண்டுபிடித்தாராம். சில ஜெலட்டினில் படம் நன்றாக விழுகிறது, சிலதில் விழவில்லை; காரணம் தேடிப் போனால், மாடு மேய்ந்த கடுகுச் செடியின் கந்தகச் சத்து எலும்பிலும் தோலிலும் தங்கியிருப்பதுதான் பிலிமுக்கு ஒளியுணர்வைக் கூட்டுகிறது.

எங்கள் நூல்களில் இல்லறத்தான் செய்யத்தகாத வாணிகங்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. தந்தம், எலும்பு, தோல் முதலான உயிருடல் பொருள்களை விற்பது அதில் ஒன்று. கல்லாவுக்கு மேல் பார்சுவநாதர் படத்தை மாட்டி வைத்து, கீழே இருபது வருஷம் நான் விற்றது அதுதான். வாடிக்கையாளர் யாரும் கேட்கவில்லை, நானும் எந்தக் கம்பெனியையும் கேட்கவில்லை. சத்தம் போட்டது மட்டும், வெட்டுவதை வெளிப்படையாகக் காட்டிய ஒரு படத்தைப் பற்றி. அழகான கல்யாணப் படங்கள், காதல் பாட்டுகள், பக்திப் படங்கள் எல்லாம் அந்தப் பசை மேல்தான் ஓடின. ஒரு ஓவியர் மட்டும் அந்த மாட்டையே அதன் மேல் காட்டியிருக்கிறார். இதை அவர் நினைத்துச் செய்தாரா என்று நான் வாதிட வரவில்லை. மூன்றாம் தடவை பார்த்தபோது எனக்குத் தோன்றியது இது.

தமிழில் இப்படிப்பட்ட முயற்சி இல்லையா என்று கேட்பீர்கள். ஜான் ஆபிரகாம் 1977-ல் எடுத்த ‘அக்கிரகாரத்தில் கழுதை’ இருக்கிறது. வெங்கட் சாமிநாதன் எழுதியது, இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் பேராசிரியராக நடித்தது, சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது பெற்றது. அதிலும் ஒரு பிராணியைக் கொல்கிறார்கள், பிறகு கும்பிடுகிறார்கள். ஆனால் அங்கே கதை நம்மைக் காப்பாற்றிவிடுகிறது. கோபப்பட ஆள் கிடைக்கிறார்கள். ‘கூடல்’ அந்த வசதியைத் தரவில்லை. அதனால்தான் அதை ஒரே தடவை காட்டிவிட்டு மார்க் போடுவது தகாது என்கிறேன்.

பேத்தி அந்தப் பக்கத்தைத் திருப்பி எழுதிக் கொடுத்தாள். ஏழு பக்கம். கண்ணை மூடியதையும், நான் மூடியதையும், மணல் வட்டத்தையும், என் கடை ரோலையும் எல்லாம் எழுதிவிட்டாள். கெடு முடிந்துவிட்டது, மார்க் மாறாது என்று சொல்லிவிட்டார்களாம். ஆனால் ஆசிரியர் படித்துவிட்டு, அடுத்த வருஷம் ஒவ்வொரு படத்தையும் இரண்டு வாரம் காட்டலாமா என்று கேட்டிருக்கிறார்.

கடைப் பரணில் காலாவதியான இந்து ரோல்கள் ஒரு பெட்டி இன்னும் கிடக்கிறது. உதிர்ந்த இலைகளை ஒட்டி, கேமரா இல்லாமல் ஒரு படம் செய்து பார்க்கப் போகிறாளாம். அதற்கு அந்த ரோல்களைக் கேட்கிறாள். வீணாகத்தானே கிடக்கிறது என்கிறாள். நான் இன்னும் இறக்கிக் கொடுக்கவில்லை.