ஜூடி எழுதிய ஆங்கிலம்

ஆங்கிலம் பழக ஒரு நாவல் சொல்லுங்கள் என்று கேட்பவர்களிடம் நான் யோசிக்காமல் சொல்லும் பெயர் ஜீன் வெப்ஸ்டரின் ‘டாடி லாங் லெக்ஸ்’. 1912இல் அமெரிக்காவில் புத்தகமாக வந்தது. அநாதை விடுதியில் வளர்ந்த ஜெரூஷா ஆபட்டை, முகம் காட்டாத ஒரு தர்மகர்த்தா கல்லூரிக்கு அனுப்புகிறார். அவள் எழுத்தாளராக வேண்டும் என்பது அவர் ஆசை. அதனால் மாதம் ஒரு கடிதம் எழுதச் சொல்கிறார். பதில் மட்டும் வராது. முதல் அத்தியாயம் கதையாக நடக்கிறது. மீதி முழுக்க அவள் கடிதங்கள்.

அந்தப் பதில் வராத ஏற்பாடு படிப்பவருக்குப் பெரிய உபகாரம். எதிரே இருப்பவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதே அவளுக்குத் தெரியாது. ஆகவே யாரைப் பற்றிச் சொன்னாலும் அறிமுகம் செய்துவிட்டுத்தான் சொல்கிறாள். அவளுக்கும் உலகம் புதிது. ‘ஜேன் அயர்’ படித்ததில்லை, ஷெர்லக் ஹோம்ஸைக் கேள்விப்பட்டதில்லை. மைக்கேலாஞ்சலோவைத் தேவதூதர் என்று நினைத்து வகுப்பைச் சிரிக்கவைத்தவள் அவள். விட்டுப்போனதையெல்லாம் இரவுகளில் உட்கார்ந்து படித்துத் தீர்க்கிறாள். அவளே இப்படியென்றால், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கும் நமக்கு என்ன கூச்சம்?

பள்ளியில் நம்மில் பலர் எழுதிப் பழகிய ஆங்கிலக் கடிதம் லீவ் லெட்டர். காய்ச்சல், பணிவு, கையெழுத்து, அவ்வளவுதான். கோபத்தை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது, எழுதிய கோபத்தை எப்படித் திரும்ப வாங்குவது என்று யாரும் சொல்லித்தரவில்லை. ஜூடி (ஜெரூஷா தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பெயர்) சொல்லித்தருகிறாள்.

ஒரு கடிதத்தில் தொப்பிக்கடையைப் பார்த்த மயக்கத்தை எழுதிவிடுகிறாள். உடனே ஐம்பது டாலர் காசோலை வருகிறது. பிச்சை போட்டதுபோல அவளுக்குச் சுருக்கென்கிறது. காசோலையைத் திருப்பி அனுப்பும் கடிதம் சில வரிதான். வாக்கியங்கள் இலக்கணம் பிசகாமல், விறைப்பாக, கஞ்சி போட்ட சட்டைபோல நிற்கின்றன. மறுநாளே இன்னொரு கடிதம். போட்ட கடிதத்தைத் திரும்ப வாங்கப் போனாளாம், தபால்காரர் தரவில்லையாம். நடுராத்திரியில் எழுதுகிறாள். இங்கே வாக்கியங்கள் தடுமாறுகின்றன, நீள்கின்றன, தன்னையே திட்டிக்கொள்கின்றன. இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். மொழியின் தொனி என்பதை இத்தனை சுருக்கமாகக் காட்டிய பாடப்புத்தகத்தை நான் பார்த்ததில்லை.

விளிப்புகளும் அப்படித்தான். மனம் இளகியிருந்தால் செல்லப் பெயர். முறுக்கிக்கொண்டால், தர்மகர்த்தா வைத்துக்கொண்ட புனைபெயரில், வெறும் ‘மிஸ்டர் ஸ்மித்’. கடிதத்தின் தலைப்பைப் பார்த்தே அன்றைய வானிலையைச் சொல்லிவிடலாம். கடைசிக் கடிதத்தில் எல்லாப் பெயர்களையும் ஒன்றாகக் கோத்து ஒரே மூச்சில் கூப்பிடுகிறாள். ஏன் என்பது அதுவரை படித்து வந்தவருக்குத்தான் புரியும்.

காலங்களைப் பாருங்கள். நேற்று நடந்தது, இப்போது ஜன்னலில் தெரிவது, கோடையில் செய்யப்போவது எல்லாம் ஒரே பத்தியில் வரும். நடுவில் மணி அடிக்கும், பேனாவை வைத்துவிட்டுப் போவாள், திரும்பி வந்து தொடர்வாள். இறந்தகாலம் எங்கே நிகழ்காலமாகிறது என்பதைக் கண் தானே பழகிக்கொள்கிறது.

எனக்கு மிகப் பிடித்த நுணுக்கம் வேறு. தோழி ஜூலியாவின் சித்தப்பா ஜெர்விஸ் பெண்டில்டன் கல்லூரிக்கு வருகிறார். உயரமானவர், ஒல்லியானவர், உள்ளுக்குள் சிரிப்பவர் என்று ஜூடி தன் தர்மகர்த்தாவுக்கு ரசித்து எழுதுகிறாள். அந்த வர்ணனை யார் கையில் போய்ச் சேருகிறது என்பது அவளுக்குத் தெரியாது. நமக்கு மெல்லச் சந்தேகம் தட்டுகிறது. தர்மகர்த்தா வழுக்கையா, எவ்வளவு கிழவர் என்று அவள் முன்பு கேட்ட கேள்விகளையெல்லாம் திரும்பிப் போய்ப் படிக்கிறோம். அந்நிய மொழியில் வரிகளுக்கு நடுவே படிக்கத் தொடங்கும் இடம் இதுதான்.

தர்மகர்த்தா இப்படி மறைந்திருப்பது நியாயமா என்றால், இல்லை. காசு அவரிடம், ரகசியமும் அவரிடம். ஜூடி கடிதங்களில் முரண்டு பிடிக்காமல் இருந்திருந்தால் இந்தக் கதை கசந்திருக்கும்.

ஜூடியின் கடிதங்கள் செய்யும் இந்தக் கற்பித்தல் ஆங்கிலக் கடித நாவலின் வரலாற்றிலேயே இருக்கிறது. லண்டனில் அச்சகம் நடத்திய சாமுவேல் ரிச்சர்ட்சன், சாதாரண மக்களுக்காக மாதிரிக் கடிதங்கள் எழுதித் தொகுத்துக்கொண்டிருந்தார். அந்த வேலையின் நடுவே முளைத்ததுதான் 1740இல் வந்த ‘பமீலா’. மாதிரிக் கடிதப் புத்தகம் அதற்கு அடுத்த ஆண்டு வந்தது. அதற்காக அவருடைய ‘கிளாரிஸா’வில் போய்த் தொடங்கிவிடாதீர்கள், ஆங்கிலத்தின் மிக நீளமான நாவல்களில் அது ஒன்று.

வெப்ஸ்டர் 1916இல், நாற்பது வயதுக்குள், பிரசவத்தை ஒட்டி இறந்தார். இந்த நாவலின் காப்புரிமை முடிந்துவிட்டதால் புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஜூடி வரைந்ததாக வரும் கோட்டோவியங்கள் வெப்ஸ்டரே போட்டவை. படங்களை நீக்கிய பதிப்புகளும் உண்டு. படம் உள்ளதாகப் பார்த்து எடுங்கள்.