மலையில் மூச்சை அளக்க எது ஏற்றது?

வீசிங் என்று வருபவருக்கு இருப்பது ஆஸ்துமாதானா என்று பார்க்க ஊதும் சோதனைகள் மூன்று உண்டு: ஸ்பைரோமெட்ரி, ஃபீனோ, பீக் ஃப்ளோ மீட்டர். கல்வராயன் மலைக்கு எதை முதலில் வைப்பது?

மூன்றிலும் நுட்பமானது ஸ்பைரோமெட்ரி. மூக்கில் கிளிப் மாட்டி, குழாயை உதடு பிரியாமல் கவ்வி, நெஞ்சு காலியாகும்வரை ஊத வேண்டும். பக்கத்தில் நிற்பவர் "ஊதுங்க, இன்னும் ஊதுங்க" என்று விரட்டிக்கொண்டே இருப்பார். பிறகு மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புடமால் நான்கு பஃப். கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதல். முதல் நொடியில் வெளிவரும் காற்று 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால் ஆஸ்துமாவுக்கு வலுவான சான்று. விறகடுப்புப் புகையில் வருடக்கணக்காக நின்றவருக்கு வரும் சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் மருந்துக்குப் பிறகும் அடைப்பு மிஞ்சுவதை இதுவே காட்டும். ஆனால் ஆஸ்துமா ஏறி இறங்கும் நோய். விடிகாலையில் மூச்சு முட்டியவர் கச்சிராயபாளையம் வழியே மலையிறங்கிக் கள்ளக்குறிச்சி சேர்வதற்குள் தேறிவிடலாம். அப்போது வரும் 'நார்மல்' முடிவு ஆஸ்துமா இல்லை என்பதற்குச் சான்றாகாது.

ஃபீனோ, வெளிமூச்சிலுள்ள நைட்ரிக் ஆக்சைடை அளக்கிறது. பெரியவர்களுக்கு 50 பிபிபி தாண்டினால் மூச்சுக்குழாயில் அலர்ஜி வகை அழற்சி இருக்கக்கூடும். பிரிட்டனின் 2024 வழிகாட்டுதல் இதையோ ரத்த ஈசினோஃபில் அளவையோ முதலில் பார்க்கச் சொல்கிறது. அந்த வரிசை இங்கே அப்படியே பொருந்தாது. பீடி பிடிப்பவருக்கு ஃபீனோ குறைவாகக் காட்டும். அடைப்பு எவ்வளவு என்றும் சொல்லாது. ஈசினோஃபிலைக் குடற்புழுவும் ஏற்றும், யானைக்கால் புழுவும் ஏற்றும். இரவு இருமலும் இளைப்புமாக ஆஸ்துமா போலவே வரும் ஈசினோபீலியாவை 1940இல் மதனப்பள்ளி மருத்துவர்கள் விவரித்தார்கள். அதற்கு மருந்தே வேறு.

பீக் ஃப்ளோ மீட்டர் மின்சாரம் கேட்காத பிளாஸ்டிக் குழாய். காலை 300, மாலை 360 என்றால் வேறுபாடு 60, சராசரி 330, ஏற்ற இறக்கம் 18 சதவீதம். இரண்டு வாரச் சராசரி 10 சதவீதத்தைத் தாண்டினால் பெரியவர்களிடம் ஆஸ்துமாவை நம்பலாம். சோம்பலாக ஊதினால் எண் பொய் சொல்லும் என்பது உண்மைதான். ஒவ்வொரு தடவையும் மூன்று முறை ஊதி அதிகமானதை எழுதினால் அந்தக் குறை பெரிதும் தணியும்.

ஆகவே மலையில் முதலிடம் பீக் ஃப்ளோவுக்கே. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிபி கருவியோடு வீட்டுக்கு வருபவரின் பையில் இதுவும் இருக்கட்டும். எண் அசையாதவர்களையும் புகையில் உழன்றவர்களையும் ஸ்பைரோமெட்ரிக்கு அனுப்பலாம். 2022இல் கள்ளக்குறிச்சி அருகே சிறுவங்கூரில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி அதற்கேற்ற இடம். ஃபீனோ காத்திருக்கலாம். மூச்சுத் திணறி வருபவருக்கு மட்டும் முதலில் மருந்து, பிறகுதான் அளவு.