பிச்சி தலைக்கு, அரளி மாலைக்கு
கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடிச் சிற்பிகள் கல்லில் செதுக்கும் சாமிக்குப் பூ வேண்டுமா? பக்கத்திலேயே இருக்கிறது தோவாளைப் பூச்சந்தை. எந்தப் பூ என்பதைத் தேவைதான் தீர்மானிக்கும்.

தலையில் சூடப் பிச்சி. சாயங்காலம் மொட்டாக வைத்தால் இரவில் விரிந்து மணக்கும்; வாசனைத் திரவியமும் இதிலிருந்து எடுக்கிறார்கள். மரிக்கொழுந்துக்கு இலையில்தான் மணம். வாடினாலும் போகாது.

அரளியின் பெருமை கைவேலையில். புவிசார் குறியீடு பெற்ற தோவாளை மாணிக்கமாலையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் ஒவ்வொன்றாக மடக்கி, பச்சைக்கு நொச்சியிலை சேர்த்து, தட்டையாகப் பின்னுகிறார்கள். மடிப்புகள் மாணிக்கக்கல் பதித்ததுபோல மின்னும். என்ன நுட்பம்!

வீட்டில் வளர்ப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு. குழந்தைகளுக்கும் ஆடுமாடுகளுக்கும் எட்டாத இடத்தில் நடுங்கள்.