ஓவனில் உருளை ரோஸ்ட்

நெய்வேலி வீடுகளில் ஒரு காலத்தில் லெக்கோ எரிந்தது. பழுப்பு நிலக்கரியிலிருந்து செய்த, புகை குறைந்த கரிக்கட்டி. அனல்மின் நிலையம் 1962-இல் ஓடத் தொடங்கியது. இன்று அதே நிலக்கரிதான் மின்சாரமாகி ஓவன் கம்பியைச் சிவக்க வைக்கிறது. அதற்குள் உருளைக்கிழங்கு பொன்னிறமாவதைக் கண்ணாடி வழியே பார்ப்பது தனி சுகம்.

கிழங்கைப் பச்சையாக உள்ளே தள்ளினால் தோல் மட்டும் சுருங்கும். துண்டுகளை உப்பும் ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் போட்டு வேகவிட வேண்டும். சோடா பெக்டினைத் தளர்த்தும். வடித்து, மூடி போட்டு நாலு குலுக்கு குலுக்கினால் ஓரமெல்லாம் மாவாக ஒட்டிக்கொள்ளும். அந்த மாவுதான் பிறகு மொறுமொறு ஓடு. ஆவி முழுக்க அடங்கட்டும். ஈரமிருந்தால் கிழங்கு அவியுமே தவிர வறுபடாது. கடலெண்ணெயில் புரட்டி, இடைவெளி விட்டுப் பரப்பி, 220 டிகிரியில் முக்கால் மணி நேரம். நடுவில் ஒருமுறை திருப்பினால் போதும். மிளகாய்த்தூள் இறக்கும்போதுதான், முன்னமே போட்டால் கருகிக் கசக்கும். பண்ருட்டி முந்திரி பக்கத்திலேயே கிடைக்கிற ஊரில், கடைசி ஐந்து நிமிடம் ஒரு பிடி சேர்க்காதது கஞ்சத்தனம்.

இரும்புச் சட்டி ரோஸ்ட்தான் உசத்தி என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அதைக் கிளறிக்கொண்டே நின்றால் ரசம் யார் வைப்பது?